ஊர் என்ன சொல்லும்?

(போத்தனூரில் மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பஞ்சப்படி, போனஸ், கூலி உயர்வு என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று பேசப் போகிற விஷயம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது. ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள். ஆயுள் முழுவதும் அவளோடுதான் வாழ்வேன் என்கிறாள். அப்போது வீட்டார் என்ன செய்கிறார்கள், என்ன செய்யலாம் என்பதுதான் பேச்சு. சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குத் தெரிகிறது. முகம் திரும்பினாலும் காது கேட்கும், கேளுங்கள்.

இதெல்லாம் பணக்கார வீட்டுச் சமாச்சாரம், சினிமாக்காரர் சமாச்சாரம் என்று சொல்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1987 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தில் லீலா, ஊர்மிளா என்ற இரண்டு போலீஸ் கான்ஸ்டபிள்கள், இருவரும் பெண்கள், ஒருவரை ஒருவர் மணந்து கொண்டார்கள். காக்கிச் சீருடை போட்டு, பாரா நின்று, மாதச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள். விஷயம் தெரிந்ததும் அதிகாரிகள் இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். இலாகா வெளியே தள்ளியது; ஊர்மிளாவின் வீட்டார் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். சாதாரண ஜனங்கள் அவர்கள். சட்டப் புத்தகம் படித்து இந்த முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

தொழிற்சங்கத்திலும் பெண்கள் இயக்கத்திலும் வேலை செய்த மாயா சர்மா என்ற அம்மையார், வட இந்தியாவில் இப்படி வாழும் ஏழைப் பெண்களைத் தேடிப் போய் அவர்கள் கதையைக் கேட்டு 2006ல் ஒரு புத்தகமாகவே கொண்டுவந்தார். கூலிக்காரப் பெண்கள், கிராமத்துப் பெண்கள், பட்டணத்துக் குடிசைப் பெண்கள். இவர்கள் எவரும் சீமையிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவர்கள் அல்ல.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் ஜில்லாக்களின் பஞ்சாலை விடுதிகளைப் பாருங்கள். தென் ஜில்லாக்களிலிருந்து பதினாறு, பதினெட்டு வயதுப் பெண்களைக் கூட்டி வருகிறார்கள். மூன்று வருஷம் உழைத்தால் முடிவில் ஒரு தொகை; கலியாணச் செலவுக்கு ஆகும் என்று பெற்றவர்களிடம் சொல்லி வைத்தார்கள். அதற்கு முதலாளிகள் வைத்த பெயரைக் கவனியுங்கள்: சுமங்கலித் திட்டம்! அவள் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதையே அவளுக்குத் தாலிப் பிச்சை போடுவது போல் கொடுத்தார்கள். அவள் உழைப்பதே யாரோ ஒருவனுக்குக் கட்டிக் கொடுக்கப்படுவதற்காக என்று விடுதிக்குள் நுழையும் முன்பே முடிவு செய்தாகிவிட்டது.

அந்த விடுதியில் வெளிக் கதவு பூட்டியிருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து பஞ்சு படிந்த தலையோடு வருபவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பவள் யார்? காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கஞ்சி ஊட்டுபவள் யார்? பக்கத்துப் பாயில் படுப்பவள்தான். இந்தச் சிநேகம் எல்லாமே காதல் என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு அது காதலாகத்தான் இருக்கிறது. அவர்கள் ஊருக்குத் திரும்பி, பெற்றவர்கள் மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கும்போது, “எனக்குக் கலியாணம் வேண்டாம், நான் அவளோடுதான் இருப்பேன்” என்று வாய் திறக்கிறார்கள். சண்டை அப்போதுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் அடி விழும். பிறகு போனைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு பேய் பிடித்திருக்கிறது என்று கோடாங்கியிடம் கூட்டிப் போவார்கள். வேப்பிலை அடி, மந்திரித்த கயிறு. கொஞ்சம் காசுள்ள வீடு என்றால் இதே வேலையை டாக்டரை வைத்துச் செய்யப் பார்ப்பார்கள். ஒன்றும் பலிக்கவில்லை என்றால் அவசரக் கலியாணம். 2008 மே மாதத்தில் சென்னையில் இரண்டு பெண்கள், நாற்பதை ஒட்டிய வயது, இருவருமே கலியாணமானவர்கள், தங்கள் பிரியத்தை வீட்டார் ஒத்துக்கொள்ளாததால் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தபடி தீயில் வெந்து செத்தார்கள். கலியாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறோமே, அந்த வைத்தியம் நடந்து வருஷக்கணக்கான பிறகு நேர்ந்த சாவு இது. அவர்களைக் கட்டியவர்களுக்கும் அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் அந்த வைத்தியம் என்ன சுகத்தைக் கொடுத்தது?

இப்படி நடந்துகொள்ளும் தாய் தகப்பனை நான் கொடியவர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களைத் திட்டிவிட்டு மேடையை விட்டு இறங்குவது சுலபம். அவர்களை ஆட்டுவது பயம். இங்கே உட்கார்ந்திருக்கும் எழுபது, எழுபத்தைந்து வயது ஆத்தாமார்களை ஒன்று கேட்கிறேன். உங்களைக் கேட்டா உங்களைக் கட்டிக் கொடுத்தார்கள்? 1929ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது போதும் என்றது. 1949ல் அதை 15 ஆக்கினார்கள். 18 ஆனது 1978ல்தான். நீங்கள் வளர்ந்த காலத்தில் பதினைந்து வயதுப் பிள்ளையை முறைமாமனுக்குக் கொடுத்தால் சட்டப்படி அது சரி. முகம் பார்க்காத மாப்பிள்ளை, பழகாத ஊர், மாமியார் வீட்டுக் கட்டுத்தாரையில் சாணி. கூடவே களை எடுத்த, கூடவே கிணற்றில் நீச்சல் அடித்த கூட்டாளிப் பெண்ணைப் பிரிந்தபோது வண்டியில் உட்கார்ந்து அழுதீர்களே, அந்த அழுகை எதற்கென்று எவராவது கேட்டார்களா? கலியாணப் பெண் அழத்தான் செய்வாள் என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினார்கள்.

கேட்கப்படாமல் கட்டிக் கொடுக்கப்பட்டவள் தன் மகளையும் கேட்காமல் கொடுத்தாள். அந்த மகள் இன்று தன் மகளைக் கேட்காமல் கொடுக்கப் பார்க்கிறாள். தனக்கு நேர்ந்ததே உலக நியதி என்று அவள் நம்பாவிட்டால், தன் வாழ்வே வீணாகப் போயிற்றோ என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் மகள் மேல் கை ஓங்குகிறாள். ஆறாத புண் இது, மூன்று தலைமுறையாகக் கைமாறி வருகிறது. ஆகவே பேத்தியைப் புரிந்துகொள்ள மற்றவர்களைவிட உங்களுக்குத்தான் வழி அதிகம் என்று ஆத்தாமார்களிடம் சொல்கிறேன். 2022 ஆகஸ்டில் சென்னையில் ஒரு தமிழ்ப் பெண்ணும் வங்கதேசத்துப் பெண் ஒருத்தியும் குடும்பத்தார் கூடி நின்று சம்பிரதாயப்படி மணந்தார்கள். சொந்தபந்தம் அற்றுப் போய்விடுமே என்று பெண்ணின் தாய்க்கு வெகுநாள் பயம் இருந்தது. எண்பதைத் தாண்டிய பாட்டியும் அந்தக் கலியாணத்தை ஏற்றுக்கொண்டார். கனடாவில் வாழும் வசதியான குடும்பம்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் பாட்டியின் மனசு மாறியதற்கு டாலர் செலவாகவில்லை.

இனி, நம் மாகாணத்தில் நடந்த ஒரு வழக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றவர் மனசு எங்கே சிக்கிக் கிடக்கிறது என்பது அதில்தான் துலக்கமாகத் தெரிகிறது.

மதுரையைச் சேர்ந்த இளம் பெண்கள் இருவர். வீட்டில் எதிர்ப்பு வலுத்ததும் சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடினார்கள். பெற்றோர் மகளைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்தார்கள். இரண்டு வழக்குகள் பதிவாயின. போலீஸ் வந்து இழுத்துப் போய்விடும் என்று பயந்த பெண்கள் சென்னை ஹைகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டு மனுப் போட்டார்கள். 2021ல் அதை விசாரித்தவர் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவர் சட்டென்று தீர்ப்பு எழுதிவிடவில்லை. பெண்களையும் பெற்றோரையும் தனியறையில் அழைத்துப் பேசினார். பிறகு இரு தரப்பையும் மனநல ஆலோசகர் வித்யா தினகரனிடம் அனுப்பினார்.

பெற்றோர் அந்த ஆலோசகரிடம் என்ன சொன்னார்கள்? எங்கள் மகள் ஒரு பெண்ணோடு வாழ்வதைவிட, கடைசிவரை கலியாணமே இல்லாமல் ஒண்டியாக இருந்துவிட்டாலும் கௌரவம் என்றார்கள். வம்சம் என்ன ஆகும், பிள்ளை குட்டிக்கு என்ன வழி என்றார்கள். உலகம் என்ன பேசும் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். மகளுக்கு ஆண் துணை இல்லையே என்பதுகூட அவர்களுடைய பெரிய வருத்தமாக இல்லை. அவள் தனி மரமாக நிற்கட்டும், ஆனால் ஊர் வாய் அடைந்து கிடக்கட்டும்!

அடுத்து நீதிபதி செய்த காரியம் நம் கோர்ட்டுகளில் அபூர்வம். இந்த விஷயத்தில் தனக்கே போதிய அறிவு இல்லை, புரியாமல் தீர்ப்பு எழுதினால் அது மனசிலிருந்து வராது என்று சொல்லி, தானும் அதே ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். நாற்காலியில் ஏறியதும் எல்லாம் தெரியும் என்று நினைக்கும் மனிதர்களைத்தான் நாம் அதிகம் பார்த்திருக்கிறோம், இல்லையா? 2021 ஜூன் 7ல் உத்தரவு வந்தது. பிராப்தவயது வந்த இருவர் தம் விருப்பப்படி சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் காணவில்லை என்ற புகாரைப் போலீஸ் முடித்துவிட வேண்டும், தொல்லை கொடுக்கக் கூடாது. இவர்களை ‘மாற்றுகிறேன்’ என்று வைத்தியம் செய்வதற்குத் தடை. அதன் பலனாக 2022ல் தமிழ்நாட்டில் போலீஸ்காரர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதி சேர்ந்தது. போலீஸ்காரர் இப்படிப்பட்டவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று ஆயிற்று. அதே வருஷம் தேசிய மருத்துவ கமிஷன், ‘மாற்றும் வைத்தியம்’ செய்யும் டாக்டர் தொழில் ஒழுக்கம் தவறியவர் என்று அறிவித்தது. உலக சுகாதார ஸ்தாபனம் இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்ததே 1990ல். கோடாங்கிக்குத் தெரியாமல் இருக்கலாம், டாக்டருக்குத் தெரியாதா?

எல்லாம் நேராகிவிட்டது என்று எண்ணாதீர்கள். 2025 மே மாதம் அதே ஹைகோர்ட்டுக்கு இன்னொரு வழக்கு வந்தது. 25 வயதுப் பெண். போலீஸ் அவளை அவள் விருப்பத்துக்கு விரோதமாகப் பெற்றோரோடு அனுப்பியது. வீட்டில் அடித்தார்கள், சரியாக்க வேண்டும் என்று சடங்குகள் செய்தார்கள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் இருவரும் அவளை நேரில் கேட்டபோது, நான் இன்னாரோடுதான் போவேன் என்று தெளிவாகச் சொன்னாள். தாயார் அசையவில்லை, கூட்டாளிதான் என் பெண்ணைக் கெடுத்தாள் என்று சாதித்தார். எவ்வளவோ எடுத்துச் சொல்லியும் பயனில்லை. அவள் தன் இஷ்டப்படி போகலாம், குடும்பத்தார் குறுக்கே நிற்கக் கூடாது என்று கோர்ட் விடுவித்தது. குடும்பம் அமைக்கக் கலியாணம் ஒன்றுதான் வழி என்பதில்லை, மனிதர் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் உண்டு என்றும் எழுதினார்கள்.

கோர்ட் அவளுக்கு விடுதலை கொடுத்தது. தாயைத் திரும்பக் கொடுக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது. அது நம்மைப் போன்றவர்கள் வாசற்படியில் உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டிய வேலை.

இது நம் பண்பாட்டுக்கு விரோதம், மேல்நாட்டு வியாதி என்று பிற்போக்குவாதிகள் கூச்சல் போடுகிறார்கள். மேல்நாட்டிலிருந்து வந்தது தண்டனைதான். 1860ல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவை வைத்துத்தான் ஒன்றரை நூற்றாண்டு காலம் இவர்களை மிரட்டினார்கள். டில்லி ஹைகோர்ட் 2009ல் அதன் பல்லைப் பிடுங்கியது. அதை எதிர்த்து மேல் கோர்ட்டில் வழக்கு நடந்தபோது 2011ல் 19 பெற்றோர்கள், எங்கள் பிள்ளைகள் குற்றவாளிகள் அல்ல என்று தாங்களே மனுப் போட்டார்கள். பிள்ளைகளுக்காகப் பெற்றவர்கள் கோர்ட் படி ஏறினார்கள்! 2013ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பல்லைத் திரும்ப ஒட்டவைத்தது. 2018 செப்டம்பர் 6ந் தேதி அதே கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக அதை எடுத்துப் போட்டார்கள். ஆனால் 2023 அக்டோபரில் கலியாண உரிமை கேட்டபோது, அது பார்லிமெண்டின் வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கியூபாவைப் பற்றி ஒரு வார்த்தை. 1960களில் அங்கே இப்படிப்பட்டவர்களை உழைப்பு முகாம்களில் அடைத்தார்கள். அது அநியாயம், பொறுப்பு என்னுடையது என்று பிடல் காஸ்ட்ரோவே 2010ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். 2022ல் புதிய குடும்பச் சட்டத்தின் நகலை வைத்துக்கொண்டு நாடெங்கும் தெருத்தெருவாக 79,000க்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடந்தன. கிழவர் கிழவிகளும் வந்து சண்டை போட்டார்கள், கேள்வி கேட்டார்கள். செப்டம்பர் 25ல் ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்கு 66 பேருக்கு மேல் ஆதரவு. இருவர் எந்தப் பாலராயினும் மணக்கலாம் என்று சொல்லும் அதே சட்டத்தில், பேரப்பிள்ளைகளைப் பார்த்துப் பழகத் தாத்தா பாட்டிக்குள்ள உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது. குடும்பத்தை உடைக்கும் சட்டம் என்று சொன்னவர்கள் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

சரி, நம்மூருக்கு வருவோம். ஊர் என்ன சொல்லும் என்கிறார்களே, அந்த ஊர் யார்? 2016 மார்ச் 13ல் உடுமலைப்பேட்டையில் சாதி மாறி மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்ற வாலிபரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்களே, அங்கேயும் இதே ஊர் வாய்தான் பின்னால் நின்றது. காடு தோட்டம் உள்ளவனுக்கு மகள் யாரைக் கட்டுகிறாள் என்பது சொத்துக் கணக்கு. சாதிக்குள் சுற்றினால்தான் பூமி கைவிட்டுப் போகாது. ஏங்க, நமக்கு என்ன பூமி இருக்கிறது? பண்ணையாருடைய கௌரவத்தை நாம் ஏன் கூலியில்லாமல் சுமக்கிறோம்?

இந்த ஜில்லாவுக்கு வேறொரு ஊரும் உண்டு. மில்லில் வேலை செய்த பெண் தொழிலாளி ஒருத்தியை முதலாளி தரப்பு அடியாட்கள் மானபங்கப்படுத்தியதில் ஆரம்பித்த தகராறில்தான் சின்னியம்பாளையம் தோழர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் 1946 ஜனவரி 8ந் தேதி கோவைச் சிறையில் தூக்குமேடை ஏறினார்கள். அவள் அவர்களுக்கு மகளும் அல்ல, தங்கையும் அல்ல. கூட வேலை செய்தவள். உங்கள் லைனில், உங்கள் வளவில் ஒரு தாய் மகளைப் பற்றி வெட்கப்பட்டு வெளியே வராமல் இருந்தால், அவள் பயப்படும் ஊர் என்பது நீங்கள்தான். நீங்கள் நாலு பேர் போய், “உன் மகளும் அவள் கூட்டாளியும் எங்கள் வீட்டுக்கு ஒருநாள் சாப்பிட வரட்டும்” என்று சொன்னால் அந்தப் பயத்தில் பாதி அன்றைக்கே இறங்கிவிடும்.

“எங்களுக்குப் பிறகு அவளுக்கு யார்?” என்று பெற்றவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குச் சமாதானம் சொல்லி மழுப்ப முடியாது. இ.எஸ்.ஐ. கார்டில் குடும்பம் என்றால் கணவன் மனைவி, பிள்ளைகள், நம்பியிருக்கும் பெற்றோர் என்றுதான் இருக்கிறது. கூட வாழும் பெண்ணைச் சேர்க்க இடமில்லை. பி.எப்.பிலும் குடும்பம் உள்ளவர் வெளியாரை நாமினியாகப் போட்டால் செல்லாது. இருபது வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் அவள் வெளியார்! இதைச் சங்கங்கள் கோரிக்கையாக எடுக்க வேண்டும். 2024ல் மத்திய சர்க்கார் சில விஷயங்களில் இறங்கி வந்திருக்கிறது. ரேஷன் கார்டுக்கு இப்படிப்பட்ட ஜோடியை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும், பாங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கத் தடையில்லை, உறவினர் யாரும் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் கேட்டு வாங்கலாம் என்று எழுத்தில் சொல்லியிருக்கிறார்கள். ரேஷன் ஆபீசில் தெரியாது என்று சொன்னால், அந்தக் கடிதத்தின் நகலோடு சங்கத்துத் தோழர் ஒருவர் கூடப் போக வேண்டும்.

இன்றிரவே உங்களில் ஒருவர் வீட்டுக் கதவை ஒரு பெண் தட்டக்கூடும். என்ன செய்வது என்று தெரிந்துகொள்ளுங்கள். 18 முடிந்தவள் என்றால், அவள் எங்கே, யாரோடு இருப்பது என்பது அவள் விருப்பம். அடிக்கு அஞ்சி வந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்; இரவு பகல் எடுப்பார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குத் தனியாக அனுப்பாதீர்கள், இரண்டு பேர் கூடப் போங்கள், 24-சி விதியையும் 2021 உத்தரவையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால், 1987ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கு எண் 15100. அவள் அம்மாவுக்கும் ஆள் அனுப்புங்கள். மகள் உயிரோடு இருக்கிறாள், நம் வீட்டில் சாப்பிட்டாள் என்ற சேதி அன்றிரவே போய்ச் சேர வேண்டும்.

முதல் ஷிப்ட் இருப்பவர்கள் போகலாம், மணி ஆகிவிட்டது. மற்றவர்கள் உட்காருங்கள். அங்கே பின்னால் ஒரு அம்மா வெகு நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். முதலில் அவர் பேசட்டும்.